பதினேழாம் எண் டப்பா

மார்ச் 4, செவ்வாய்

ஓய்வு பெற்று இன்றோடு முப்பத்திரண்டு நாள். காலையில் சமையலறைக்குள் போய், எண்ணெய் பாட்டிலை அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ரயில்ல டிக்கெட் கேக்க ஆள் கிடைக்கலன்னு என்கிட்ட வந்து கேக்கறீங்களா? நாளைக்கு என்கூடக் கிளம்புங்க. இல்லன்னா நான் வீட்டுக்கே திரும்பி வர மாட்டேன்."

முப்பத்துநாலு வருடம் டிக்கெட் பரிசோதகன். எத்தனையோ பேரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறேன். என்னைச் சொந்தச் சமையலறையிலிருந்து இறக்கிவிட்டவள் இவள்தான்.

மார்ச் 5, புதன்

போனேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம். சந்தையில் விலைபோகாத காய், கடைக்காரர்கள் கொடுக்கும் அரிசி பருப்பு, இவற்றை வைத்துப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சமைக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் என்று அறுபத்துநாலு பேருக்கு மதியச் சாப்பாடு எவர்சில்வர் டப்பாவில் போகிறது. ஒரு வருடமாக இவள் அங்கே பெரிய அடுப்புக்கு ராணி. எனக்கு இதெல்லாம் தெரியும்தான். ஆனால் "இன்னிக்கு எத்தனை பேருக்கு சமைச்ச?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நடத்துபவர் ஒரு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் குரல் ஓய்வு பெறவில்லை. "சாருக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்.

"குறை சொல்லத் தெரியும்" என்றாள் என் மனைவி.

வெங்காயம் நறுக்கக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வேன் ஓட்ட வேறொரு அம்மா இருக்கிறார், முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். மிச்சம் இருந்தது பாத்திரம் கழுவும் தொட்டி. வீட்டில் நான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவியது கிடையாது. அவள் சமையலை விட்டுவிட்டு மூன்று தடவை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 8, சனி

வேலை பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு டப்பா. இன்றைய டப்பாவைக் கொடுத்துவிட்டு, நேற்றைய காலி டப்பாவை வேன்காரம்மா வாங்கி வருகிறார். ஒன்றரை மணிக்கு அறுபத்துநாலும் என் முன்னால் வந்து நிற்கும்.

ஆளைப் பார்க்காமலே ஆளைத் தெரிகிறது. 23 டப்பாவைத் துணியால் துடைத்து மினுக்கி அனுப்புகிறது. 40 கறிவேப்பிலையை ஓரமாக அடுக்கி வைக்கும். 9 தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அனுப்பும், பாதி வழியில் சிந்தும், வேன்காரம்மா திட்டுவார். பெரும்பாலோர் ஒரு அலசாவது அலசிவிடுகிறார்கள்.

17 மட்டும் ஒன்றும் செய்வதில்லை. மூடியின் இரண்டு பக்கமும் கிளிப் இருக்கிறது, அதைக்கூடப் போடுவதில்லை. ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அனுப்பிவிடுகிறது. உள்ளே சோறு சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி காய்ந்திருக்கும். சும்மா கிடைக்கிற சாப்பாடு, கழுவவாவது வேண்டாமா?

மார்ச் 10, திங்கள்

17. சனிக்கிழமை டப்பா, ஞாயிறு விடுமுறை தாண்டி இன்று வந்தது. நாற்றம் தாங்காமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கழுவினேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், கழுவி அனுப்பச் சொல்லி விதி ஏதும் இல்லையா என்று. "நமக்கு ஒரே விதிதான் சார். டப்பாவை அவங்க கையில குடுக்கணும், முகத்தைப் பார்க்கணும். வேற எதையும் கேக்கக் கூடாது" என்றார். விதி இல்லாத இடத்தில் ஒழுங்கு எங்கிருந்து வரும்? ரயிலில் நான் இப்படி விட்டிருந்தால் கூரை மேலெல்லாம் ஏறியிருப்பார்கள்.

வேன் கிளம்பும் முன் ஒரு சீட்டு எழுதி, வேன்காரம்மா கண்ணில் படாமல் 17-இன் அடிப்பக்கத்தில் ஒட்டினேன். மரியாதையாகத்தான் எழுதினேன்:

"மதிப்பிற்குரியவருக்கு, டப்பாவைக் கழுவி, மூடியை முறையாக மூடி அனுப்பவும். இது இன்னொருவர் கையால் கழுவப்படுகிறது என்பதை நினைவில் கொள்ளவும். — பாத்திரம் கழுவும் பிரிவு."

பிரிவு என்றால் நான் ஒருவன்தான். இருந்தாலும் அப்படிப் போட்டால்தான் ஒரு கனம் வரும்.

மார்ச் 15, சனி

பலன்! 17 கழுவி வந்தது. சோப்பு சரியாகப் போகவில்லை, ஒரு மூலை வேறு நசுங்கியிருக்கிறது. ஆனாலும் முயற்சி தெரிகிறது.

மார்ச் 19, புதன்

17 பளபளவென்று வந்தது. கிளிப் இரண்டும் இறுகப் போட்டிருந்தது. 23-ஐயே தோற்கடித்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

ஆறு நாளாக 17 அப்படியேதான் வருகிறது. டீச்சரே கவனித்துவிட்டார். "இந்த டப்பாவைப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் மாதிரி நின்றேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். முப்பத்துநாலு வருட அனுபவம் வீண் போகவில்லை. மனிதனுக்குச் சொன்னால் புரியும், சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற அறுபத்து மூன்றுக்கும் இதே சீட்டை அச்சடித்து ஒட்டினால் என்ன? வாசகத்தை இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

இரவு சாப்பிட்டு எழுந்தபோது தட்டை எடுத்துத் தொட்டியில் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

17-இன் கிளிப்பை இன்று என்னால் திறக்க முடியவில்லை. அவ்வளவு இறுக்கம். கட்டைவிரல் நகம் பாதி பிய்ந்துவிட்டது. வேன்காரம்மா பக்கத்தில் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நெம்பித் திறந்து கொடுத்தார். மூடியில் இருந்த எண்ணைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"பதினேழா? பெயிண்டர் அய்யாவோடதா இது? அவரால எப்படி சார் இந்த கிளிப்பைப் போட முடிஞ்சுது? விரல் பத்தும் கோணிப்போய் மடங்கவே மடங்காது. கதவையே முட்டியால தள்ளித்தான் திறப்பாரு. நான்தான் எப்பவும் டப்பாவைத் திறந்து மேஜையில வெச்சுட்டு வருவேன். திரும்பி மூட முடியாதுன்னு ரப்பர் குடுத்ததும் நான்தான்."

அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

வேன்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரம் இருக்கும். அந்த பில்டிங் வாட்ச்மேன் கீழேயே வாங்கிக்கறார். நாலு மாடி சார். என் முட்டிக்கு சௌகரியமா இருந்துது, நானும் விட்டுட்டேன்."

முப்பத்துநாலு வருடம் ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இவனிடம் டிக்கெட் இல்லை என்று. ஒரு டப்பாவைத் தினமும் கையில் பிடித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளை காலை நானும் வேன்காரம்மாவும் போகிறோம். சீட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வாட்ச்மேன் வாசலிலேயே கையை நீட்டினார். "மேல எதுக்கு சார், நானே குடுத்துடறேன்."

"அவரைப் பார்க்கணும்" என்றேன். அவர் முகம் மாறியது. எங்களுக்கு முன்னால் படியேறினார்.

ஒரே அறை. கட்டில், ஒரு மேஜை, மூலையில் குழாய். சுவரில் தோள் உயரம் வரை புது நீலம், அதற்கு மேலே பழைய அழுக்கு மஞ்சள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நானே அடிச்சது சார். கை அதுக்கு மேல போகல." அறுபத்தைந்து வயது இருக்கும். சட்டை அவர் மேல் மாட்டித் தொங்கியது. மேஜையில் ஒரு ரஸ்க் பாக்கெட்டும், பால் இல்லாத டீயும். குழாய்க்கு மேலே, ஆணியில், என் சீட்டு.

வேன்காரம்மா கிட்டே போய்ப் படித்தார். "என்னய்யா இது? யார் எழுதினது?"

"உங்க பாத்திரம் கழுவற பிரிவுல இருந்து வந்துதும்மா. நியாயமாத்தான் எழுதியிருக்காங்க. இன்னொருத்தர் கையால கழுவறாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, மெஷின்னு நினைச்சுட்டேன். மூணு நாள் கழுவிப் பார்த்தேன். ரெண்டு தடவை கை தவறிடுச்சு, டப்பா நசுங்கிப்போச்சு. அடுத்தவங்க சாமானைப் பாழாக்கக் கூடாது பாருங்க. கழுவாம அனுப்பறதும் கேவலம். அதான் இந்த வாட்ச்மேன் தம்பிகிட்ட குடுத்துட்டேன், அவருக்கும் தனிச் சமையல்தான். கழுவி அனுப்பிடுவாரு."

வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வயித்துக்கு ஆகல, டாக்டர் சோறு சாப்டக் கூடாதுன்னுட்டார்னு சொன்னீங்களே அண்ணே. பதினாலு நாளா உங்க சோத்தையா நான் தின்னேன்?" என்று கேட்டார். அவர் கண் நிறைந்துவிட்டது.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான்தான் எழுதினேன் என்று நாலு வார்த்தை, வரவே இல்லை. சீட்டில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன், பாவி.

எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே சரிந்தார். மூன்று பேரும் சேர்ந்துதான் நாலு மாடி இறக்கினோம். என் பங்குக்குக் கால் பக்கம். எடையே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"முப்பத்தெட்டு வருஷமா நீங்க சாப்ட்ட தட்டு இருந்த இடத்திலயே இருக்கும். நான்தான் எடுப்பேன். இன்னொருத்தி கையால கழுவப்படுதுன்னு ஒரு நாளாவது உங்களுக்கு நினைவு வந்துதா? உங்களுக்குக் கை நல்லாத்தானே இருக்கு? நான் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேனா?"

இன்று சாப்பிடாமலே படுக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று தயாராகத்தான் போனேன். அச்சடிக்க எழுதி வைத்திருந்த வாசகத்தையும் மேஜை மேல் வைத்தேன். எடுத்துப் படித்தார், மடித்தார், என்னிடமே கொடுத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாமே சார்" என்றார். பிறகு, "போங்க, டப்பா வந்தாச்சு."

ஏப்ரல் 5, சனி

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது: பெரிய வியாதி ஒன்றும் இல்லை, சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இன்னும் காதிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

பெயிண்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். வேன்காரம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடியும் ஏறி டப்பாவை நீட்டினால், கையை உள்ளே இழுத்துக்கொண்டாராம். "இவ்வளவு நாள் போட்டதுக்கே புண்ணியமாப் போகும். என் பேரை எடுத்துட்டு வேற யாருக்காவது குடுங்கம்மா." வேன்காரம்மாதான் பிடிவாதமாக மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

17 அப்படியே திரும்பி வந்தது. நான் போட்ட கிளிப் நான் போட்டபடி. நிறையச் சோறு. வாட்ச்மேனும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஏப்ரல் 9, புதன்

இன்று நானே எடுத்துக்கொண்டு போனேன். உட்காரக்கூட இல்லை, உட்கார்ந்தால் வாய் அடைத்துவிடும் என்று நின்றபடியே சொன்னேன். "அந்தச் சீட்டை எழுதினது நான்தான். பிரிவு கிரிவு ஒண்ணும் கிடையாது. நான் ஒருத்தன்தான். தப்பு பண்ணிட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா சார்? கையெழுத்து முத்து முத்தா இருந்துது" என்றார். அப்புறம், "பரவால்ல சார், விடுங்க."

இந்தப் 'பரவால்ல' எனக்குப் பழக்கமானது. அபராதம் கட்டிவிட்டு இறங்கும்போது நல்ல குடும்பத்து ஆட்கள் சொல்வது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். டப்பாவைத் தொடவில்லை. ரஸ்க்கைத்தான் எடுத்தார். டீயில் நனைத்து, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிச் சாப்பிட்டார்.

மன்னிப்புக் கேட்டால் கதவு திறக்கும் என்று நினைத்தேன். மன்னித்துவிட்டார், கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மனைவியிடம் எனக்கும் கூடத்து டப்பா ஒன்றில் கட்டித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் கட்டித் தந்தாள். பெயிண்டர் அறையில் உட்கார்ந்து நான் மட்டும் சாப்பிட்டேன். அவர் "சாப்ட்டேன் சார், சாப்ட்டேன்" என்றார். எதிரே ஒருவர் சாப்பிடாமல் இருக்க, மென்று விழுங்குவது எவ்வளவு கஷ்டம்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றும் அதே கதை. ஆனால் என் டப்பா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வலுக்கட்டாயமாகப் பேச்சை அடக்குகிறார் என்று தெரிந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இந்த நம்பரை யார் சார் எழுதினது? பாதிகூட இல்லையே. இது மூணா, எட்டா?"

"எட்டு. எழுதினவங்க மேல தப்பில்ல. நான்தான் கம்பி நாரைப் போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டேன்."

"எதையும் போட்டு அழுத்தித்தான் தேய்ப்பீங்க போல" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது தனக்கே உறைத்தது போல வாயை மூடிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பல் இரண்டு இல்லை.

அப்புறம் தடுக்க முடியவில்லை. எவர்சில்வரில் எழுதுவதென்றால் முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், எந்தப் பெயிண்டை வாங்கக் கூடாது, எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று வரிசையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூடிகளைக் கொண்டு வந்தால் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். "கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார். சோறு மட்டும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இரண்டு சாக்கில் அறுபத்துநாலு மூடி. ஒன்றை வாட்ச்மேன் தூக்கி வந்தார், தூக்கவிடாவிட்டால் அழுதுவிடுவார் போல இருந்தது.

காலை முழுக்க வசவு. "தேய்க்கச் சொன்னா துடைக்கறீங்களே சார்." "தூரிகையை பேனா மாதிரி பிடிக்காதீங்க, இது என்ன அபராத ரசீதா?" என் எட்டு இரண்டு வெங்காயத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்தது மாதிரி இருக்கிறதாம். வாழ்நாளில் என்னை யாரும் இப்படி வாய்க்கு வாய் திட்டியதில்லை. ஜம்மென்று இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இவள் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்ததைத் திறந்து அவர் முன்னால் ஒன்று, வாட்ச்மேன் முன்னால் ஒன்று, எனக்கு ஒன்று வைத்தேன். பெயிண்ட் காய்வது பற்றிப் பேசிக்கொண்டே அவர் கரண்டியை முஷ்டியில் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். மேலெல்லாம் சிந்தியது. நான் 17-இன் மூடியை எடுத்து அதன் 7-ஐ மறுபடி எழுதுவது போலக் குனிந்துகொண்டேன். கண்ணீர் மறைத்தது. அந்த ஏழு கோணலாகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் பழைய கதை: "வெச்சுட்டுப் போங்க சார், தம்பியை விட்டுக் கழுவி வைக்கிறேன்." கழுவாமல் தர மாட்டாராம். எடுக்கப் போன என் கையை மணிக்கட்டால் தள்ளிவிட்டார்.

அப்போது சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் சாப்பிட்ட தட்டை எடுக்காதவன் நான் என்று. துணி மடித்துக்கொண்டே என் மனைவி கேட்ட கேள்வியை, ஒரு வார்த்தை விடாமல்.

முதலில் நம்பவில்லை. "ஒரு தட்டுகூடவா?"

"ஒரு டம்ளர்கூட."

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. இருமல் வந்து வாட்ச்மேன் முதுகைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. "அந்தம்மா கையால ஒரு வாய் சாப்பிட்டதுக்கே நான் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "ஊருக்கு உபதேசம் பண்ண வந்துட்டீங்களே சார்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இன்றைய டப்பாவையும் வாட்ச்மேன்தான் கழுவினார்.

ஏப்ரல் 14, திங்கள்

சாப்பிட்ட தட்டைக் கழுவினேன். என்னுடையது, அவளுடையது, இரண்டும். "சோப்பு போகல" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 16, புதன்

17 காலியாக வந்தது! அவர்தான் சாப்பிட்டாராம், வேன்காரம்மா கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் கழுவி, கிளிப் போட்டு. இரண்டு மாடி ஏறி ஒரு தரம் உட்கார்ந்து, மறுபடி ஏறுகிறேன் என்கிறார் இந்த அம்மா. தினமும் முகத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

ஏப்ரல் 19, சனி

கழுவித்தான் வருகிறது. வாட்ச்மேன் ஒரு வாரம் ஊருக்குப் போகிறாராம், தங்கை வீட்டில் விசேஷம். திங்கட்கிழமையிலிருந்து பெயிண்டர் என்ன செய்வார்? மறுபடி கையை இழுத்துக்கொண்டால்?

ஏப்ரல் 20, ஞாயிறு

மீதி அறுபத்துநாலு மூடி. இன்று திட்டு குறைந்திருந்தது. என் எட்டு வெங்காயத்திலிருந்து தேறிவிட்டது. கிளம்பும்போது, நாளையிலிருந்து வாட்ச்மேன் இல்லாததைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படியில் பாதி இறங்கி, திரும்ப ஏறி, "நாளைக்கு டப்பா வரும்" என்று மட்டும் சொன்னேன்.

"வரட்டும் சார்" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

வேன்காரம்மா கொடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டாராம். திறந்து வைக்கச் சொன்னாராம். சாப்பிட்டாரா, தெரியாது. அந்த டப்பா நாளைக்குத்தான் வரும். தூக்கம் பிடிக்கவில்லை. இவள், "ஒரு டப்பாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, படுங்க" என்கிறாள். ஆனால் அவளும் புரண்டுகொண்டுதான் இருக்கிறாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒன்றே முக்காலுக்குத்தான் வேன் வந்தது. கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். 23, 40, 9. அடியில் இருந்தது 17. நான் எழுதிய கோணல் ஏழு.

கிளிப் இரண்டும் திறந்தபடி. மேலே ரப்பர் வளையம், இரண்டு சுற்று. உள்ளே ஓரமெல்லாம் ஒட்டிக் காய்ந்த பருப்பு, ஏழெட்டுப் பருக்கை, கடித்து வைத்த ஒரு மிளகாய். தண்ணீர்கூடக் காட்டவில்லை.

"இங்க வா, சீக்கிரம் வா!" என்று கத்திவிட்டேன். கையை எதிலோ வெட்டிக்கொண்டேன் என்று பயந்து மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள், பின்னாலேயே டீச்சர். டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

வேன்காரம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சேதியும் சொல்லி அனுப்பினார் சார். 'முப்பத்தெட்டு வருஷம் கழுவாதவர்தானே, இன்னும் கொஞ்ச நாள் கழுவட்டும்'னு."

மனைவி டப்பாவை என் கையிலிருந்து வாங்கி உள்ளே பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியாச்சு இல்ல? கழுவுங்க."

கழுவினேன்.